தோத்தவங்க பேச்சும் ஊருக்குள்ள கேக்கணும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்ங்க.

உங்க பேப்பர்ல நீலகிரி பக்கத்தைத் திருப்பினா அடிக்கடி ஒரே மாதிரி செய்தி வந்துடுது. ஆன்லைன் டிரேடிங்னு பணம் கட்டி ஏமாந்தாரு, பார்ட் டைம் வேலைன்னு நம்பி லட்சக்கணக்குல விட்டாரு, சீட்டு நடத்தினவங்க தலைமறைவு. கடைசி வரில "பொதுமக்கள் விழிப்புணர்வுடன் இருக்க வேண்டும்"னு போலீஸ் சொன்னதா முடியுது. அந்தக் கடைசி வரியப் பத்தித்தான் இந்த லெட்டர். நான் கோத்தகிரி பக்கம் இருக்கேன், ப்ளஸ் ஒன் ப்ளஸ் டூ பிள்ளைங்களுக்கு வணிகவியல் எடுக்கறேன், வீட்டுல கொஞ்சம் தேயிலைத் தோட்டமும் இருக்கு. நான் பாத்த வரைக்கும் விளம்பரத்த நம்பிப் பணம் விட்டவங்க கம்மிங்க. சொந்தக்காரங்க, கூட வேலை செய்யறவங்க, தெனம் முகம் பாக்கறவங்க சொல்லித்தான் விட்டிருக்காங்க.

எங்க பக்கம் காசு விஷயம் எங்க முடிவாகுதுன்னு பாருங்க. பேங்க்குக்குப் போறதுக்கு முன்னாடியே முடிவாயிடுது. சாயங்காலம் இலை எடை போடற ஷெட்ல, சாவு வீட்டு வாசல்ல, மேட்டுப்பாளையம் போற பஸ்ல, மகளிர் குழுக் கூட்டத்துல, இப்ப வாட்ஸ்அப்லயும் சேத்து. ஷெட்ல நடக்கறத கொஞ்சம் சொல்றேன். நாலு மணி சுமாருக்கு மூட்டை மூட்டையா இலை வந்து இறங்கும், வண்டி வர்ற வரைக்கும் எல்லாரும் அங்கதான் நிக்கணும், மழை வந்துட்டா தகரத்துக்கு அடில நெருக்கிக்கிட்டு நிப்பாங்க. "அக்கா, உங்க வீட்டுக்காரரு ஏதோ ஆப்ல போட்டாருன்னீங்களே, இப்ப எவ்ளோ ஆச்சு?"ன்னு ஒருத்தி கேப்பா. "பதினெட்டாயிரம் போட்டாரு, இருபத்தியாறு ஆயிருக்கு பாரு"ன்னு அந்தக்கா இலைக்கறை ஏறின விரலால போனைத் தொறந்து காட்டுவாங்க. பச்சைக் கலர்ல நம்பர் இருக்கும். சுத்தி நிக்கற ஏழெட்டுப் பேரும் எட்டிப் பாப்பாங்க. அந்தக் கம்பெனி எங்க இருக்கு, ஷேர் மார்க்கெட்டக் கண்காணிக்கற செபில பதிவு பண்ணிருக்கா, அந்த இருபத்தியாறாயிரத்துல ஒரு ஆயிரமாவது பேங்க் கணக்குக்கு வந்துச்சா, இதெல்லாம் ஒருத்தரும் கேக்க மாட்டாங்க, ஏன்னா அந்தக்கா விவரமானவங்க, இதையெல்லாம் கேட்டுத்தான் போட்டிருப்பாங்கன்னு ஒவ்வொருத்தரும் மனசுக்குள்ள நினைச்சுக்கறாங்க. அந்தக்கா என்ன நினைச்சிருப்பாங்க, என் நாத்தனார் புருஷன் படிச்சவரு, அவரு கேட்டுத்தான் போட்டிருப்பாருன்னு நினைச்சிருப்பாங்க. இப்படி யாருமே கேக்காத ஒரு கேள்வி ஊரு பூரா கேட்டு முடிச்ச கேள்வி ஆயிடுது.

கொஞ்ச மாசம் கழிச்சு ஆப் தொறக்கல. கஸ்டமர் கேர்னு குடுத்த நம்பர் சுவிட்ச் ஆஃப். அப்ப அதே ஷெட்ல என்ன பேச்சுன்னு நினைக்கறீங்க? மழை, இலை விலை, காட்டெருமை தோட்டத்துக்குள்ள வந்தது. பணம் போட்டவங்க பாதிப் பேராவது அங்கதான் நின்னாங்க, ஒருத்தர் வாயிலயும் வார்த்தை வரல. அதே சமயத்துல பக்கத்து ஊர்ல வேற பேர்ல அதே மாதிரி ஒரு ஆப்ல புதுசா சேந்துக்கிட்டு இருந்தாங்க. இங்க போனவங்க வாயத் தொறந்திருந்தா அங்க பல பேரு தப்பிச்சிருப்பாங்க.

லாபம் பாத்தவங்க பேச்சு பத்து ஊருக்குக் கேக்குது, நஷ்டப்பட்டவங்க பேச்சு பக்கத்து வீட்டுக்குக் கூட கேக்கல. இதுதாங்க நான் சொல்ல வந்தது. நாம நாலு பேர்கிட்ட விசாரிச்சுட்டுத்தான் முடிவு எடுக்கறோம், ஆனா அந்த நாலு பேரும் ஜெயிச்சவங்களாவே இருந்தா விசாரிச்சு என்ன பிரயோஜனம்?

இத நானா சொல்லல. பக்கத்துல கர்நாடகால கிராமங்கள்ல ஒரு ஆய்வு நடந்துச்சு, 2019ல பொருளாதாரத்துக்கு நோபல் வாங்கின அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ ரெண்டு பேரும் வேற ரெண்டு பேரோட சேந்து பண்ணினது, 2013ல சயின்ஸ் பத்திரிகைல வந்துச்சு. சின்னச் சின்னக் கடன் குடுக்கற ஒரு மைக்ரோஃபைனான்ஸ் கம்பெனி 43 கிராமத்துக்குள்ள நுழைஞ்சப்ப டீச்சர், கடைக்காரர், குழுத் தலைவி மாதிரி ஆட்கள்கிட்ட முதல்ல சேதிய சொல்லி வுட்டாங்க, அது ஊருக்குள்ள எப்படிப் போகுதுன்னு பாத்தாங்க. ஊர்ப்பேச்சு நல்லாப் பரவற எடத்துல இருக்கற ஆளுகிட்ட முதல்ல சொன்ன ஊர்ல கடன்ல சேந்தவங்க எண்ணிக்கை அதிகம். அதுல இன்னொரு விஷயம் எனக்கு ரொம்ப முக்கியமாப் பட்டுச்சு. கடன்ல சேந்தவங்க அந்த சேதிய மத்தவங்களுக்கு சொல்றதுக்கு இருக்கற வாய்ப்பு, தெரிஞ்சும் சேராதவங்க சொல்றத விட சுமாரா ஏழு மடங்கு. அதாவது "நான் யோசிச்சேன், வேண்டாம்னு விட்டுட்டேன்"னு சொல்ற ஆளோட குரல் நம்ம காதுக்கு வந்து சேர்றதே கஷ்டம். அது நியாயமான கடன் திட்டம், அதுலயே இப்படின்னா ஏமாத்தற திட்டத்துல எப்படி இருக்கும்னு பாத்துக்கோங்க, அங்க ஆள் சேத்தா கமிஷன் வேற.

ஷேர் மார்க்கெட் விஷயத்தயும் சொல்லணும், ஏன்னா எங்க பசங்க, என்கிட்டப் படிச்சுட்டு வெளிய போன பசங்க, நிறைய பேரு இப்ப ஆப்ஷன் டிரேடிங்ல, அதாவது விலை ஏறுமா இறங்குமான்னு கணிச்சுப் பணம் போடறதுல, உக்காந்துட்டாங்க. இது மோசடி இல்ல, சட்டப்படி நடக்கற மார்க்கெட்தான். ஆனா செபியே 2024 செப்டம்பர்ல ஒரு ஆய்வு வெளியிட்டுச்சு, 2021-22லருந்து 2023-24 வரைக்கும் மூணு வருஷத்துல எஃப் அண்ட் ஓல (ஃப்யூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் ரெண்டும் சேத்து) இறங்கின தனி ஆட்கள்ல 93 சதவீதம் பேருக்கு நஷ்டம், மொத்த நஷ்டம் 1.8 லட்சம் கோடிக்கு மேல. அதுக்கு அடுத்த வருஷக் கணக்கும் வந்துச்சு, 2024-25ல 91 சதவீதம் பேருக்கு நஷ்டம், 1 லட்சம் கோடிக்கு மேல போயிருக்கு. நூறு பேர்ல தொண்ணூறுக்கு மேல தோக்கற எடத்துல நம்ம ஊர்ல மட்டும் எப்படி எல்லாரும் ஜெயிச்ச மாதிரியே தெரியுது? ஜெயிச்ச அன்னிக்கு ஸ்கிரீன்ஷாட் எடுத்து ஸ்டேட்டஸ்ல வெக்கறாங்க. தோத்த அன்னிக்கு யாரு வெக்கறா? ஸ்டேட்டஸ மட்டும் பாக்கற ப்ளஸ் டூ பையன் என்னத்த கத்துக்குவான்? கிளாஸ்ல இந்த ரெண்டு நம்பரையும் போர்டுல எழுதிப் போட்டேன், ஒரு பையன் எழுந்து "மிஸ், ஆனா எங்க அண்ணன் ஃப்ரெண்டு பைக் வாங்கிட்டாரே"ன்னான். செபி சொன்ன நம்பர் அவனுக்கு தூரத்துல இருக்கு, பைக் அவன் வீட்டு வாசல்ல நிக்குது.

கொங்குப் பக்கம் நம்ம சொந்தக்காரங்க இருக்கறவங்களுக்கு ஈமுக் கோழி வளர்ப்பு மோசடிக் கதை நல்லாவே தெரியும், 2012ல வெடிச்சுது. பணம் கட்டுங்க, குஞ்சு தரோம், தீவனம் தரோம், மாசாமாசம் காசும் தரோம்னு சொன்னாங்க. சினிமாக்காரங்க விளம்பரத்துல வந்தாங்கன்னு பேசிக்கறோம், ஆனா கேட்டுப் பாருங்க, நிறைய பேரு பணம் கட்டினது பக்கத்துத் தோட்டத்துக்காரர் வேலி போட்டு பறவை விட்டதப் பாத்தப்புறம்தான். முதல் சில மாசம் பணம் ஒழுங்கா வந்துச்சு. வந்ததால பேசினாங்க, பேசினதால சேந்தாங்க, சேந்தவங்க பணத்துலருந்துதான் முன்னாடி சேந்தவங்களுக்குப் பணம் போச்சு. இந்த மாதிரி திட்டம் நடத்தறவங்களுக்கு நம்ம ஊர்ப்பேச்சுதான் முதலீடே.

பயிர் விஷயத்துலயும் இதே கதைதான், அங்க ஏமாத்தறவன்னு ஒருத்தன் கூட கிடையாது. எங்க பெரியவங்க உருளைக்கிழங்கு போட்ட நிலம் நிறைய தேயிலையா மாறினது எப்படி? ஒருத்தர் வெச்சாரு, மாசாமாசம் காசு பாத்தாரு, அடுத்தவர் வெச்சாரு. 1990கள்ல விலை நல்லா இருந்துச்சு, 2000 வாக்குல அடியோட விழுந்துச்சு, அப்புறம் இன்னிக்கு வரைக்கும் கட்டுப்படியாகற விலை கேட்டு போராடிக்கிட்டே இருக்கோம். 2024 ஆரம்பத்துல பூண்டு கிலோ 400 ரூபாயத் தாண்டுச்சு, நம்ம மலைப் பூண்ட மேட்டுப்பாளையம் மண்டில விதைக்குன்னு வடநாட்டு வியாபாரிங்க போட்டி போட்டு எடுத்தாங்க. அந்த வருஷம் பூண்டுல காசு பாத்தவரப் பத்தி பேசாத டீக்கடை இல்ல. உடனே கேரட் போட்டிருந்த காட்டுலயும் பூண்டு, குத்தகைக்கு எடுத்த காட்டுலயும் பூண்டு, கடன் வாங்கி விதைப்பூண்டு. எல்லாரும் போட்டா விலை என்ன ஆகும்னு சப்ளை டிமாண்ட் பாடம் எடுக்கற என்கிட்ட யாரும் கேக்க வேண்டாம், மண்டிக்குப் போயிட்டு வர்ற எந்த விவசாயிக்கும் அது தெரியும். தெரிஞ்சும் போடறாங்க, அடுத்தவன் வீட்டுல புது கார் நிக்கறப்ப நம்ம வீட்டுல சும்மா இருக்க முடியல. நெதர்லாந்துல கூட இப்படித்தான் இருக்கு, அங்க அஞ்சல் குறியீட்ட வெச்சு நடக்கற ஒரு லாட்டரில ஒரு தெருவுல டிக்கெட் வாங்கினவங்களுக்கு மட்டும் பரிசு விழும், விழுந்தா பணத்தோட அதுல ஒரு வீட்டுக்கு காரும் உண்டு. அந்தத் தெருவுல டிக்கெட்டே வாங்காத பக்கத்து வீட்டுக்காரங்களும் கூடுதலா கார் வாங்கியிருக்காங்கன்னு 2011ல வந்த ஒரு ஆய்வு சொல்லுது.

இதையெல்லாம் படிச்சுட்டு அப்ப யாரு பேச்சயும் கேக்காம இருக்கணுமான்னு கேப்பீங்க. முடியாது, இருக்கவும் கூடாது. இந்த மலைல பொம்பளைங்க கைல நாலு காசு நின்னிருக்குன்னா அது கூட்டாளிங்களாலதான். 1989ல தருமபுரில ஆரம்பிச்ச மகளிர் சுய உதவிக் குழு இன்னிக்கு எங்க ஊரு வரைக்கும் வந்திருக்குன்னா, அதோட பலமே இந்தப் பேச்சுதான். எங்க ஊரு குழுல ஒரு வழக்கம் இருக்கு, கூட்டம் ஆரம்பிச்ச உடனே ஒவ்வொருத்தர் சேமிப்பும் கடன் பாக்கியும் சத்தமா வாசிப்பாங்க. வாசிக்கறப்ப "போன மாசம் கட்டலயே, உடம்பு சரியில்லயா"ன்னு யாராவது கேப்பாங்க. அந்த ஒரு கேள்விக்காகவே மாசாமாசம் கட்டறவங்க இருக்காங்க.

இதுக்கும் கர்நாடகாலயே ஒரு ஆய்வு இருக்கு, எமிலி பிரெஸா, அருண் சந்திரசேகர்னு ரெண்டு பேரு பண்ணினது, 2019ல வந்துச்சு. 60 கிராமத்துல சனங்கள ஆறு மாசத்துக்கு இவ்ளோ சேமிப்பேன்னு ஒரு இலக்கு வெக்கச் சொன்னாங்க. சில பேருக்கு அதே ஊர்ல ஒரு ஆளப் போட்டு, இவங்க எவ்ளோ சேத்திருக்காங்கன்னு அந்த ஆளுக்குத் தெரியற மாதிரி வெச்சாங்க. சேக்கறவங்களுக்கு வட்டி கூட்டித் தரல, பரிசு கிடையாது, ஒருத்தருக்குத் தெரியும்ங்கறது மட்டும்தான். அப்படி ஆள் போட்டவங்க மத்தவங்கள விட 35 சதவீதம் அதிகமா சேத்தாங்க. அந்த ஆள் ஊருல நாலு பேருக்கு வேண்டப்பட்டவரா இருந்தா இன்னும் அதிகம். இத படிச்சப்ப எனக்கு அவ்ளோ சந்தோஷமா இருந்துச்சு. பணத்தத் தொலைக்க வெக்கற அதே ஊர்க்கண்ணுதான் பணத்த சேக்கவும் வெக்குது.

ஆனா குழுவுலயும் கெட்டது நடக்குது, அதயும் சொல்லிடணும். கூட்டுப் பொறுப்புன்னு குழுவா சேத்து கடன் குடுக்கற தனியார் கம்பெனிங்க வர்றப்ப, ஒருத்தி எடுத்தா அஞ்சு பேரு எடுக்கணும்னு ஆகிடுது. கடன் தேவையே இல்லாத பொண்ணு "நீ கையெழுத்துப் போடலன்னா எனக்குக் கிடைக்காது தங்கச்சி"ன்னு கேட்டதுக்காக எடுத்து அந்தக் காச வளையல்ல போட்டுட்டு வாராவாரம் கட்டறதப் பாத்திருக்கேன். ரிசர்வ் பேங்க் இந்த மாதிரி மைக்ரோஃபைனான்ஸ் கடனுக்கு 2022 ஏப்ரல்லருந்து ஒரு விதி வெச்சிருக்கு, ஒரு குடும்பம் எல்லாக் கடனுக்கும் சேத்து மாசம் கட்டற தவணை அந்தக் குடும்பத்து மாச வருமானத்துல பாதியத் தாண்டக் கூடாதுன்னு, காலைல ஒம்பது மணிக்கு முன்னாடியும் சாயங்காலம் ஆறு மணிக்கு அப்புறமும் வசூலுக்கு போன் பண்ணக் கூடாதுன்னு. எங்க குழுக்கள்ல இத சொன்னா நிஜமாவான்னு கேக்கறாங்க. வட்டி எவ்ளோன்னு சொல்ற அக்காவுக்கும் இது தெரியல, ஏன்னா கடன் குடுக்க வர்றவங்க ஊரு பூரா பேசறாங்க, விதிய சொல்றவங்க யாரும் வந்து பேசல.

தோத்தவங்க ஏன் பேசறதில்லங்கறதுக்கு வர்றேன். வெக்கம்னு ஒரே வார்த்தைல முடிச்சுடறோம், அதுக்குள்ள நிறைய இருக்குங்க. எங்க ஊருங்கள்ல எல்லாரும் சொந்தம், பொண்ணு குடுத்து எடுத்தவங்க. பணம் போட்டவர் தான் மட்டும் போட்டிருக்க மாட்டாரு, மச்சானச் சேத்திருப்பாரு, சித்தி பையனச் சேத்திருப்பாரு. அவரு வாயத் தொறந்தா முதல் கேள்வி "நீதானே கூட்டிட்டுப் போன"ன்னுதான் வரும். சில வீட்டுல பொம்பள நகைய அடகு வெச்சது புருஷனுக்குத் தெரியாது, சில வீட்டுல புருஷன் பிஎஃப் பணத்தப் போட்டது வீட்டம்மாவுக்குத் தெரியாது. பொண்ணுக்கு மாப்பிள்ளை பாக்கற வீடுன்னா இன்னும் கஷ்டம், நஷ்டம்னு வெளிய தெரிஞ்சா சம்பந்தம் நிக்காதுன்னு பயம். ஸ்டேஷனுக்குப் போனா "படிச்சவங்கதானே, இப்படியா போடுவீங்க"ன்னு முகத்துக்கு நேரா கேட்டு அனுப்பினதா என் கூட வேலை பாக்கற ஒருத்தங்களே அழுதுக்கிட்டு சொன்னாங்க. அப்புறம் எப்படிங்க அடுத்த ஆளு புகார் குடுக்கப் போவாங்க?

இந்த வாய்மூடலுக்கு நேரடியா ஒரு விலையும் இருக்கு. ஆன்லைன்ல பணம் போச்சுன்னா சைபர் மோசடிப் புகாருக்குன்னு இருக்கற 1930 நம்பருக்கு எவ்ளோ சீக்கிரம் கூப்பிடறோமோ அந்த அளவுக்கு அந்தப் பணம் அடுத்த கணக்குக்குப் போறதுக்கு முன்னாடி நிறுத்த வாய்ப்பு இருக்கு. யாருக்கும் தெரிய வேண்டாம்னு ரெண்டு நாள் யோசிச்சுட்டு இருந்தா அந்த வாய்ப்பு போயிடுது. டெபாசிட் வாங்கி ஏமாத்தினவங்க மேல நடவடிக்கை எடுக்க நம்ம மாநிலத்துல 1997லயே தனிச் சட்டம் இருக்கு, 2019ல மத்திய அரசு சட்டமும் வந்துடுச்சு, சொத்த முடக்கி ஏலம் விட்டுப் பணத்தத் திருப்பித் தர வழி இருக்கு, ஆனா புகாரே குடுக்காதவரு பேரு அந்தப் பட்டியல்ல எப்படி வரும்? சீட்டு விஷயமும் இதேதான். பதிவு பண்ணின சீட்டுன்னா நடத்தறவங்க சீட்டுத் தொகைக்கு ஈடா பதிவாளர்கிட்ட பிணை வெச்சுட்டுத்தான் ஆரம்பிக்க முடியும். வீட்டு வாசல்ல நடக்கற சீட்டுக்கு அந்தக்கா முகம்தான் பிணை. முகத்த நம்பி கட்டின பணம் போனா முகத்துக்காகவே வாயயும் மூடிக்கறோம்.

அதனால சில விஷயம் கேக்கறேன், கலெக்டர் ஆபீஸ், போலீஸ், பேங்க் எல்லாருக்கும் உங்க பேப்பர் வழியாப் போகட்டும். விழிப்புணர்வு முகாம ஊட்டில மண்டபம் புடிச்சு நடத்தினா எங்க ஊர்லருந்து யாரும் கூலிய விட்டுட்டு வர மாட்டாங்க. இலை எடை போடற ஷெட்டுக்கு வாங்க, இலைப் பணம் கணக்குல ஏறற வாரத்துல வாங்க, அப்பதான் ஆள் சேக்கறவனும் வர்றான். ஆபீசர் ஒருத்தர் வந்து மைக்ல பேசறதுக்குப் பதிலா அந்த ஊர்லயே நாலு பேரு பேச்சக் கேக்கற அக்காவ, அண்ணனக் கண்டுபுடிச்சு அவங்களுக்கு சொல்லிக் குடுங்க, கம்பெனிக்காரன் அதத்தான பண்றான். ஒரு திட்டம் பதிவு பண்ணினதான்னு ரிசர்வ் பேங்க்கோட சசேத் இணையதளத்துல எப்படித் தேடறதுன்னு போன்லயே காட்டிக் குடுங்க, எங்க ப்ளஸ் டூ பிள்ளைங்க அஞ்சு நிமிஷத்துல கத்துக்கிட்டு வீட்டுல போயி அம்மாவுக்குக் காட்டினாங்க. ஸ்டேஷன்ல புகார் எழுத வர்றவங்கள உக்கார வெச்சு தண்ணி குடுத்து கேளுங்க, தயவு செஞ்சு.

உங்ககிட்ட ஒரு தனி வேண்டுகோள். உங்க பேப்பர்ல சாதிச்சவங்க பேட்டி வருது, சின்ன முதலீட்டுல பெரிய லாபம்னு கட்டுரை வருது. வாரத்துல ஒரு நாள் கால் பக்கம் தோத்தவங்களுக்குக் குடுங்க. பேரு வேண்டாம், ஊரு வேண்டாம், போட்டோ வேண்டாம். யாரு சொல்லி சேந்தாங்க (அண்ணனா, கூட வேலை பாக்கறவரா, குழுத் தலைவியா), முதல் நாள் என்ன சொன்னாங்க, எவ்ளோ போட்டாங்க, முதல்ல எவ்ளோ திரும்ப வந்துச்சு, எந்த எடத்துல சந்தேகம் வந்துச்சு, சந்தேகம் வந்தப்புறமும் ஏன் தொடர்ந்தாங்க, இவ்ளோ போதும். அறிவுரை சேக்காதீங்க, அவங்க சொன்னத அப்படியே போடுங்க. எங்க ஊரு டீக்கடைல உங்க பேப்பர் காலைல ஏழு மணிக்கு வந்துடும், ஒருத்தர் வாசிக்க நாலு பேரு கேப்பாங்க.

ஏற்கனவே எங்க பள்ளில சில பெற்றோர்கள் என்கிட்ட மனசு விட்டு சொன்னது இருக்கு, பேரு போடலன்னா எழுதித் தரேன்னு ரெண்டு மூணு பேரு ஒத்துக்கிட்டாங்க. நீங்க எடம் குடுக்கறதா சொன்னா கவர்ல போட்டு உங்க கோவை ஆபீசுக்கே அனுப்பி வெக்கறேன்.

இப்படிக்கு,
வணிகவியல் ஆசிரியை ஒருத்தர்,
கோத்தகிரி, நீலகிரி மாவட்டம்.